மதுரைக்கு எமிரேட்ஸ் ஏன் வருவதில்லை? கேள்வி பதில்

கே: ஓடுபாதை இருக்கு, வளைகுடா போற கூட்டமும் இருக்கு. எமிரேட்ஸ் ஏன் மதுரைக்கு வரமாட்டேங்குது சார்? (மேலூர்)

ப: வர ஆசைப்பட்டாலும் முடியாது. 1944 சிகாகோ உடன்படிக்கைப்படி வான்வெளி அந்தந்த நாட்டுக்கே சொந்தம். அதனால் இரண்டிரண்டு அரசுகளாக உட்கார்ந்து ஒப்பந்தம் போடுகின்றன. எந்த ஊருக்கு வரலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதெல்லாம் அதில் இருக்கும். எமிரேட்ஸ் துபாய்க் கம்பெனி. துபாயோடு இந்தியா போட்ட ஒப்பந்தத்தின் ஊர்ப் பட்டியலில் சென்னை உண்டு, மதுரை இல்லை.

கே: திருச்சிக்கு மட்டும் ஸ்கூட், ஏர்ஏசியா எல்லாம் வருதே அண்ணே?

ப: அவை சிங்கப்பூர், மலேசியக் கம்பெனிகள். அந்த நாடுகள் இருக்கிற ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பின் விமானங்களுக்கு இந்தியா திறந்துவிட்ட 18 ஊர்களில் திருச்சியும் ஒன்று. மதுரை அதிலும் இல்லை. கொழும்பு விமானம் மதுரையில் இறங்குவது இலங்கையோடு உள்ள தனி ஏற்பாடு.

கே: அப்ப நம்ம நாட்டுக் கம்பெனியே ஓட்டலாமே?

ப: தாராளமாக. ஊர்ப் பட்டியல் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத்தான். ஸ்பைஸ்ஜெட் மதுரை–துபாய் ஓட்டியது அப்படித்தான். இடிப்பது இருக்கைக் கணக்கு. துபாய்க்கு 2014-ல் பேசி முடித்தது, ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கை. இரு தரப்பும் அதை ஏறக்குறைய முழுசாகத் தீர்த்துவிட்டன. கணக்கு இருக்கைக்கு, ஆளுக்கு அல்ல. 180 இருக்கை விமானம் பாதி காலியாகப் பறந்தாலும் 180 கழியும். ஆக, மதுரையிலிருந்து புதிதாக ஒன்று விட வேண்டுமானால் வேறு ஊரில் ஒன்றைக் குறைக்க வேண்டும். மும்பையில் நல்ல விலைக்குப் போகிற இருக்கையை யார் இங்கே கொண்டுவருவார்கள்? அபுதாபிக்கு ஒதுக்கீடு தனி. 2025 ஜூனில் இண்டிகோ தொடங்கிய மதுரை–அபுதாபி விமானம் துபாய் கணக்கைத் தொடவில்லை.

கே: டெல்லி இருக்கையைக் கூட்டிக் கொடுத்தால் என்ன?

ப: துபாய் விமானத்தில் ஏறுகிற பலர் துபாயோடு நிற்பதில்லை. அங்கே மாறி லண்டன், நியூயார்க் போகிறார்கள். அந்த வருமானம் ஏர் இந்தியாவுக்கும் இண்டிகோவுக்கும் வரட்டும் என்று அரசு நினைக்கிறது. நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் டெல்லியிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் கூடினால் மேலூர்க்காரருக்கு என்ன வந்தது? அவர் கையைக் கடிப்பது டிக்கெட் விலை. பெருநகரங்களுக்கு வரம்பை வைத்துக்கொண்டு, மதுரை மாதிரி ஊர்களைக் கணக்குக்கு வெளியே விடலாம் என்பது என் கருத்து.

கே: சென்னை வரும் துபாய் விமானம் அங்கே ஆள் ஏற்றி மதுரைக்கு வந்தால்?

ப: நடக்காது. உள்நாட்டுப் பயணி உள்நாட்டுக் கம்பெனிக்கே. அநேகமாக எல்லா நாட்டிலும் இதுதான் சட்டம். மூன்றாவது நாட்டுக்குப் போக நடுவில் ஆள் ஏற்றுவது வேறு. அதற்கு உரிமை வாங்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நியூயார்க் விமானம் ஒன்று பிராங்பர்ட்டில் இறங்கி, அங்கிருந்து டிக்கெட் எடுத்தவர்களையும் ஏற்றிக்கொண்டு போகிறது.

கே: மனு யாருக்குப் போடணும்?

ப: விமான நிலைய இயக்குநரிடம் கொடுத்துப் பயனில்லை, அவர் கையில் இது இல்லை. டெல்லியில் உள்ள விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு, உங்கள் எம்.பி. வழியாக அனுப்புங்கள். துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒவ்வொன்றும் வேறு ஒப்பந்தம்.