நிறுவன வலைப்பதிவை ஸ்டாடிக் சைட் ஜெனரேட்டரில் நடத்த முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாக முடியும். ஆனால் எந்த ஜெனரேட்டர் என்று தேடும் முன்னால், அதில் எழுதப்போவது யார் என்று பாருங்கள். இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் ஹியூகோவா ஜெக்கிலா என்ற சண்டையிலேயே முடிந்துவிடுகின்றன, என்னைக் கேட்டால் அது இரண்டாம்பட்சம். 2008-ல் வந்த ஜெக்கிலுக்கு ரூபி என்ற நிரல்மொழியை நிறுவ வேண்டும். 2013-ல் வந்த ஹியூகோ ஒரே கோப்பு, இறக்கி வைத்தால் ஓடும். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த குழு என்றால் எலெவன்டி. எல்லாம் செய்வது ஒரே வேலைதான்: மார்க்டவுனில் (எளிய குறிகளோடு எழுதும் சாதாரண எழுத்துக் கோப்பு) எழுதியதை டெம்ப்ளேட்டில் பொருத்தி, முழு எச்டிஎம்எல் பக்கங்களாக முன்கூட்டியே செய்து வைப்பது. சர்வரில் டேட்டாபேஸ் கிடையாது, அப்டேட் செய்யாமல் விட்ட பிளகின் வழியாக யாராவது புகுந்துவிடுவார்களோ என்ற பயமும் கிடையாது.

சரி, எழுதுகிறவர்களுக்கு வருவோம். மார்க்கெட்டிங்கில் இருப்பவரிடம் போய் டெர்மினலைத் திறந்து கிட் (கோப்புகளின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கருவி) கமாண்ட் அடியுங்கள் என்றால் இரண்டு கட்டுரையோடு வலைப்பதிவு நின்றுவிடும். அவருக்கு அது தேவையும் இல்லை. கிட் கோப்புகளை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்திலேயே பென்சில் குறியை அழுத்திக் கட்டுரையைத் திருத்தி, புல் ரிக்வஸ்ட் (இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) போடலாம். நெட்லிஃபை, கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்ற ஹோஸ்டிங் சேவைகளோடு ரெப்போவை (வலைப்பதிவின் கோப்புகள் இருக்கும் கிட் களஞ்சியம்) இணைத்துவிட்டால் ஒவ்வொரு புல் ரிக்வஸ்டுக்கும் ஒரு முன்னோட்ட இணைப்பு தானாகவே வரும். கட்டுரை தளத்தில் எப்படித் தெரியும் என்பதை எழுதியவரும் மேலாளரும் அதில் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டால் மெர்ஜ் (மாற்றத்தை ரெப்போவில் சேர்ப்பது), அவ்வளவுதான், வெளியாகிவிடும். என் கணக்கில் முதலில் அமைக்க வேண்டியது இந்த முன்னோட்டத்தைத்தான், தீம் அழகு பார்ப்பதெல்லாம் அப்புறம்.

மெர்ஜ் செய்தும் கட்டுரை தளத்தில் வரவில்லை என்று யாராவது நிச்சயம் வந்து நிற்பார்கள். ஹியூகோ என்றால் கோப்பின் தலைப்பகுதியில் டிராஃப்ட் என்பது ட்ரூ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தேதி. எதிர்காலத் தேதியிட்ட கட்டுரையை ஹியூகோ சத்தமே இல்லாமல் விட்டுவிடும். நேர மண்டலம் குறிப்பிடாமல் காலை ஒன்பது மணி என்று எழுதினால் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும். யூடிசிக்கு முன்னால் ஓடும் ஊரில் இருப்பவர் ஒன்பது மணிக்கு மெர்ஜ் செய்யும்போது அந்தக் கட்டுரை இன்னும் எதிர்காலத்தில் இருக்கும். கான்ஃபிக் கோப்பில் டைம்ஸோன் ஒரு தடவை போட்டுவிடுங்கள். பக்கம் வருகிறது, ஆனால் வடிவமைப்பெல்லாம் கலைந்து வெறும் எழுத்தாக நிற்கிறது என்றால் பெரும்பாலும் கான்ஃபிக்கில் உள்ள பேஸ் யூஆர்எல் (தளத்தின் அடிப்படை முகவரி) தவறாக இருக்கும்.

முகவரி விஷயத்தில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முதல் நாளே நிறுவனத்தின் சொந்த டொமைனில் தொடங்குங்கள், ஹோஸ்டிங் நாளைக்கு மாறினாலும் முகவரி உங்களோடு இருக்கும். ஜெக்கில் இயல்பாகவே வகையையும் தேதியையும் முகவரியில் சேர்க்கும், பிறகு யாராவது வகையை மாற்றினால் பழைய இணைப்புகள் எல்லாம் உடைந்துபோகும். தமிழில் தலைப்பு வைத்தால் ஸ்லக்கை (முகவரியில் கட்டுரையைக் குறிக்கும் பகுதி) ஆங்கில எழுத்தில் தனியாகக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் இணைப்பை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரிந்து, மின்னஞ்சலில் பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று நினைத்து அழுத்தவே மாட்டார்.

படங்களைச் சுருக்கிய பிறகே ரெப்போவில் போடுங்கள். பின்னால் அழித்தாலும் கிட் வரலாற்றில் அவை அப்படியே கிடக்கும், பக்கங்களை உருவாக்கும் ஒவ்வொரு பில்டும் அந்தச் சுமையை இழுத்துக்கொண்டு ஓட வேண்டிவரலாம்.