கதவுக்கு வெளியே வெச்ச தட்டு

கேள்வி: வயசு 29, வீட்லேர்ந்தே ஐடி வேலை. அப்பா தவறி மூணு வருஷமாச்சு, வீட்ல நானும் அம்மாவும்தான். ராத்திரி பூரா பிரபஞ்சம், பரிணாமம்னு படிக்கறேன். ஹைட்ரஜன்லேர்ந்து நட்சத்திரம், கார்பன், உயிர், மூளைன்னு எல்லாமே சம்பவமும் உறவும் சேந்து சிக்கலாகிட்டே வந்ததுதான்னு புரியுது. அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது, சாப்பாட்டைக் கதவுக்கு வெளிய வெச்சிட்டுப் போயிடுவாங்க. இந்தக் குடும்பத் தொல்லை இல்லாம கொடைக்கானல் பக்கம் ரூம் எடுத்து தனியா யோசிக்கலாம்னு இருக்கேன். சரியா?

பதில்: தம்பி, கொடைக்கானல் கெடக்கட்டும். அந்தத் தட்டைப் பத்தி ஒரே வரில எழுதிட்டுத் தாண்டிப் போயிட்டீங்களே, அதை வெச்சிட்டு உங்கம்மா எங்க போய் உக்காந்து சாப்பிடறாங்க? சாப்பிடறாங்களா? காலித் தட்டை யாரு எடுத்து கழுவறா? லெட்டர்ல உறவு உறவுன்னு எழுதறீங்க, அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசினதா எங்கயும் காணோம்.

நீங்க படிக்கற விஷயத்துலேர்ந்தே சொல்றேன். நம்ம உடம்போட செல்லுக்குள்ள இருந்து அதுக்கு சக்தி தயாரிச்சுக் குடுக்கற மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்துல தனியா திரிஞ்ச பாக்டீரியா, நூறு கோடி வருஷத்துக்கும் முன்னாடி இன்னொரு செல்லுக்குள்ள போய் தங்கினது, லின் மார்குலிஸ்ங்கற உயிரியல் விஞ்ஞானி 1967ல இதை எழுதினப்ப ரொம்பப் பேர் நம்பல. உள்ள வந்தது தன் ஜீன்ல பெரும்பாலானதை இழந்துடுச்சு, நிறைய அந்த செல்லோட மையமான நியூக்ளியஸ்கிட்ட போய் சேந்துடுச்சு, மனுஷ மைட்டோகாண்ட்ரியாகிட்ட மிச்சம் 37தான். இனி தனிக்குடித்தனம் போக முடியாது. மரம், மீன், மனுஷன் எல்லாம் அந்தக் கூட்டுலேர்ந்து வந்ததுதான். உங்க மைட்டோகாண்ட்ரியா உங்கம்மாகிட்டேர்ந்து வந்தது, அதையும் படிச்சிருப்பீங்களே.

1966ல குவாங் ஜியோன்ங்கற விஞ்ஞானியோட லேப்ல அமீபாவுக்குள்ள பாக்டீரியா புகுந்து பெரும்பாலானது செத்தே போச்சு. பொழைச்ச கொஞ்சத்தை அவர் விடாம வளத்தார். சில வருஷத்துல அந்த பாக்டீரியா இல்லேன்னா அமீபாவே செத்துடும்ங்கற நிலைமை. நோயா வந்தது தம்பி, நீங்க தொல்லைன்னு எழுதறீங்களே அந்த மாதிரிதான் வந்துது. ஒண்ணையொண்ணு தாங்கிக்கிட்டுதான் ரெண்டும் வேற ஒண்ணா மாறிச்சு. இவ்ளோ படிச்சிட்டு, யாரோடயும் கட்டுப்படாம ஒரு ரூம்ல உக்காந்தா யோசனை வளரும்னு எப்பிடி முடிவுக்கு வந்தீங்க?

புருஷனைப் பறிகொடுத்த பொம்பளை, பத்தடி தள்ளி மகன் இருந்தும் தனியா சாப்பிடறாங்க. பெத்தவங்களைப் பாத்துக்கறது புள்ளையோட கடமை, இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கெடையாது, மாசாமாசம் பணம் குடுத்துட்டா அது தீந்துடாது. அம்மாவுக்குப் புரியாதுன்னு சொல்றீங்க, சொல்லிப் பாத்தீங்களா? ராத்திரி அரைச்சு வெச்ச மாவு காலைல பொங்கி நிக்கறதை இத்தனை வருஷமா பாக்கறவங்க, பாக்டீரியா கதையை உங்களைவிட வெரசா புடிச்சிக்குவாங்க.

இன்னிக்கு ராத்திரி அவங்க தட்டு போடறதுக்கு முன்னாடியே அடுப்படிக்குப் போங்க, ரெண்டு தட்டா எடுத்து வைங்க, மொபைலை ரூம்லயே விட்டுட்டுப் போங்க. அப்பாவைப் பத்தி அவங்களா பேச்செடுத்தா எழுந்துக்காதீங்க. ஒரு மாசம் இப்பிடி இருந்துட்டு அப்பறமும் ரூம் வேணும்னு தோணிச்சுன்னா, அதை மொதல்ல அம்மாகிட்ட கேளுங்க, என்கிட்ட இல்ல.