அலோன்சோ போன பிறகு மெட்ஸ் சீசன் டிக்கெட் எடுக்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறேன், பத்து வருடமாக நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகன். போன குளிர்காலம் ஹுவான் சோட்டோவை எடுத்தபோது வீட்டில் கேசரி கிண்டிக் கொண்டாடினோம். ஆனால் அணி பிளேஆஃபுக்கே போகவில்லை. இந்தக் குளிர்காலம் நிம்மோ, டியாஸ், அலோன்சோ மூன்று பேரும் போய்விட்டார்கள். குறைந்த ஆட்டங்களுக்கான சீசன் டிக்கெட் ஒன்று எடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு. அணி தேறுமா தேறாதா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இப்போது எடுக்காதீர்கள். பிப்ரவரி கடைசிவரை பொறுத்திருங்கள். அலோன்சோ போனதற்காக இதைச் சொல்லவில்லை. 2025 டிசம்பர் நடுவில் இதை எழுதுகிறேன். இதுவரை மெட்ஸ் புதிதாக ஒரு ஸ்டார்ட்டிங் பிட்சரைக்கூட (ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசுபவர், சுருக்கமாக ஸ்டார்ட்டர்) எடுக்கவில்லை. என் கவலை அதுதான்.

ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சீசனில் 162 ஆட்டம், ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ் (எதிரணியில் மூன்று பேரை அவுட்டாக்கினால் ஒரு இன்னிங்ஸ் வீசியதாகக் கணக்கு). ஆக மொத்தம் ஏறக்குறைய 1,458 இன்னிங்ஸ் யாராவது பந்து வீசியே ஆக வேண்டும். ஸ்டார்ட்டர்கள் ஆட்டத்துக்கு ஐந்து இன்னிங்ஸ் தாங்கினாலே 810 ஆகிவிடும். அந்த 810 யார் யாரிடமிருந்து வரும் என்று பெயருக்கு நேரே, அவர் கடந்த ஆண்டு வீசிய இன்னிங்ஸை எழுதுங்கள். குளிர்காலச் செய்திகளில் பெரிய எழுத்தில் வருவது பேட்டர்களின் பெயர்தான். அணி சரிவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

2024 குளிர்காலத்தையே போட்டுப் பாருங்கள். சோட்டோவுக்கு 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர். அந்தச் சத்தத்தில் இரண்டு பேர் போனது பலருக்கு உறைக்கவில்லை. 2024இல் 182 இன்னிங்ஸ் வீசிய லூயிஸ் செவரினோ அத்லெட்டிக்ஸுக்குப் போனார். 170 வீசிய ஹோசே கின்டானா மில்வாக்கிக்குப் போனார். இரண்டு பேரும் சேர்ந்து 350 இன்னிங்ஸ். ஷான் மனாயாவை மட்டும் மூன்று ஆண்டுக்கு 7.5 கோடிக்குத் தக்கவைத்தார்கள். காலி இடத்துக்கு வந்தவர்கள்: யாங்கீஸ் அணியில் ரிலீவராக (ஆட்டத்தின் நடுவிலோ கடைசியிலோ வந்து வீசுபவர்) 63 இன்னிங்ஸ் மட்டுமே வீசியிருந்த கிளே ஹோம்ஸ், ஃபிராங்கி மோன்டாஸ், முந்தைய ஆண்டு ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி, குறைந்தால் நல்லது) 5ஐத் தாண்டிய கிரிஃபின் கேனிங்.

நடந்தது உங்களுக்கும் தெரியும். பயிற்சி முகாம் தொடங்கும்போதே மோன்டாஸுக்குக் காயம். ஆண்டு முழுக்க 40 இன்னிங்ஸ்கூட வரவில்லை. மனாயா ஜூலையில்தான் களத்துக்கு வந்தார், 60 சொச்சம் வீசினார். நன்றாக வீசிக்கொண்டிருந்த கேனிங்குக்கு ஜூனில் குதிகால் தசைநார் அறுந்தது. ஜூன் 12 அன்று அணி 45 வெற்றி, 24 தோல்வி என்று உச்சத்தில் இருந்தது. அன்றைக்குத்தான் ஸ்டார்ட்டர் கோடாய் செங்காவுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு 38 வெற்றி, 55 தோல்வி. கடைசி நாள் மயாமியிடம் தோற்று, 83-79 என்று சின்சினாட்டியோடு சமமாக முடித்தும் நேருக்கு நேர் கணக்கில் வெளியே போனோம். அந்த மாலை இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

சோட்டோ மீது இதில் ஒரு குற்றமும் கிடையாது. 43 ஹோம் ரன், 38 ஸ்டீல் (பிட்சரை ஏமாற்றி அடுத்த தளத்துக்கு ஓடிப் பிடிப்பது). கொடுத்த பணத்துக்கு ஆடினார். ஹோம்ஸும் 165 இன்னிங்ஸ் வீசி, அவரை ஸ்டார்ட்டராக மாற்றிய துணிச்சலுக்கு நியாயம் செய்தார். அவரையும் டேவிட் பீட்டர்சனையும் தவிர வேறு எவரும் 120 இன்னிங்ஸைத் தொடவில்லை. உங்கள் கேசரி வீண்போகவில்லை, ஆனால் அந்தக் காகிதத்தில் அன்றே ஓட்டை இருந்தது.

ஒப்பந்தச் செய்தியில் மொத்தத் தொகையைவிட, விலகும் உரிமை யார் கையில் என்று பாருங்கள். 2025 பிப்ரவரியில் அலோன்சோ இரண்டு ஆண்டுக்கு 5.4 கோடி என்று கையெழுத்துப் போட்டார். முதல் ஆண்டு முடிந்ததும் அவர் விரும்பினால் விலகலாம் என்பது ஷரத்து. ஆட்டக்காரர் நன்றாக ஆடினால் போய்விடுவார், சறுக்கினால் தங்குவார். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை ரசிகர் ஓராண்டு ஒப்பந்தமாகவே எண்ண வேண்டும். அவர் 38 ஹோம் ரன் அடித்தார், விலகினார், பால்டிமோர் ஐந்து ஆண்டுக்கு 15.5 கோடி கொடுத்தது. 31 வயது ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு (முதல் தளத்தில் நின்று தடுப்பவர்) ஐந்து ஆண்டு ரொம்ப நீளம் என்பது கணக்குப்படி என் கருத்து. ஆனால் 264 ஹோம் ரன்களோடு மெட்ஸ் வரலாற்றிலேயே முதலிடத்தில் இருப்பவர் வேறு சட்டை போடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. உங்களுக்கும் அப்படி இருந்தால் அதைக் கணக்கு தெரியாத பலவீனம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

நிம்மோவை டெக்சஸுக்குக் கொடுத்து மார்க்கஸ் செமியனை வாங்கியதை நான் ஏற்கிறேன். செமியனுக்கு வயது கூட, 35, பேட்டிங்கும் இறங்குமுகம். ஆனால் செகண்ட் பேஸில் 2025இல்கூட சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு க்ளவ் விருது வாங்கியவர், ஒப்பந்தமும் 2028இல் முடிகிறது. நிம்மோவுடையது 2030 வரை. ரன் விடாமல் தடுப்பதுதான் குறி என்று ஆட்டக்காரர்களைத் தேர்வுசெய்யும் நிர்வாகத் தலைவர் டேவிட் ஸ்டெர்ன்ஸ் சொல்கிறார், அதற்கு இது பொருந்துகிறது. அதே வாயால் ஃபர்ஸ்ட் பேஸ் பழக்கமே இல்லாத ஹோர்ஹே பொலாங்கோவுக்கு இரண்டு ஆண்டுக்கு 4 கோடி கொடுத்து அங்கே நிறுத்துவோம் என்பது எனக்குப் பொருந்தவில்லை.

ரிலீவர் டியாஸ் மூன்று ஆண்டுக்கு 6.9 கோடி வாங்கிக்கொண்டு டாட்ஜர்ஸுக்குப் போனார். அவர் இடத்துக்கு டெவின் வில்லியம்ஸ், மூன்று ஆண்டுக்கு 5.1 கோடி. 2024 அக்டோபரில் மில்வாக்கியில் ஒன்பதாவது இன்னிங்ஸில் அலோன்சோ அடித்த மூன்று ரன் ஹோம் ரன் நினைவிருக்கிறதா? அந்தப் பந்தை வீசியவர் இவர்தான். ஒருவர் வரும் வாசலில் மற்றவர் போகிறார். ரிலீவர் ஆண்டுக்கு 60, 65 இன்னிங்ஸ்தான் வீசுவார் என்பதால் இந்த மாற்றத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உரிமையாளர் ஸ்டீவ் கோஹெனிடம்தான் பணம் கொட்டிக்கிடக்கிறதே, எல்லோரையும் வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சம்பளத்துக்கு வரம்பு இல்லை, வரி உண்டு. மூன்றாவது ஆண்டாகவோ அதற்கு மேலோ தொடர்ந்து வரம்பை மீறும் அணி, உச்சப் படியைத் தாண்டிச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி கட்ட வேண்டும். 2025இல் அந்தப் படி 30.1 கோடி. மெட்ஸ் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கே இரண்டு கோடி சம்பளக்காரர் ஒருவர் நான்கு கோடிக்கு மேல் பிடிப்பார்.

ஆக, டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். பிப்ரவரி நடுவில் பிட்சர்கள் ஃபுளோரிடாவின் போர்ட் செயின்ட் லூசி முகாமுக்கு வருவார்கள். அதற்குள் 150 இன்னிங்ஸுக்குமேல் வீசிய ஸ்டார்ட்டர் ஒருவரையாவது மெட்ஸ் எடுத்திருக்க வேண்டும். முகாமின் முதல் பத்து நாளில் செங்காவும் மனாயாவும் வலியில்லாமல் வீச வேண்டும். இரண்டும் நடந்தால் தாராளமாக எடுங்கள். நடக்காவிட்டால் தனி ஆட்டங்களுக்கு மட்டும் வாங்குங்கள். யார் எந்த நாள் வீசுவார் என்பது இரண்டு மூன்று நாள் முன்பே தெரிந்துவிடும். நோலன் மெக்லீன் வீசும் நாளாகப் பார்த்துப் போங்கள். ஆகஸ்டில் வந்து எட்டே ஆட்டங்களில் 2.06 ஈ.ஆர்.ஏ.வோடு முடித்த பையன் அவன். காகிதத்தில் அவன் பெயருக்கு நேரே நான் 150 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.