மாவுப் பாக்கெட் உப்பி வெடிக்கிறது: மாற்றி யோசிப்பதை எங்கே தொடங்குவது?

கேள்வி: நானும் கணவரும் மூன்று வருடமாக இட்லி மாவு அரைத்து விற்கிறோம். தினமும் 80 கிலோ. ஒரு கிலோ பாக்கெட்டாகப் போட்டு 14 மளிகைக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். சித்திரை பிறந்ததிலிருந்து நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பாக்கெட் உப்பி, சீல் விட்டு, ரிட்டர்ன் வருகிறது. தடிமனான கவர் வாங்கினோம், சீலை இரண்டு வரியாக அடித்தோம். குறையவில்லை. புளிக்க விடாமல் கொடுத்தால் இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எல்லோரும் 'மாற்றி யோசியுங்கள்' என்கிறார்கள். எப்படி என்று யாரும் சொல்வதில்லை.

பதில்: தடிமனான கவர், இரட்டைச் சீல் இரண்டும் ஒரே யோசனைதான்: வாயுவை உள்ளேயே அடக்குவது. அது ஏன் நடக்காது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாவில் வளரும் லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தோடு கரியமில வாயுவையும் விடுகிறது. 1 கிராம் குளுக்கோஸ் இப்படிச் சிதைந்தால் 30 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 140 மில்லி வாயு வரும். ஐந்து கிராம் சிதைந்தால் 700 மில்லி. ஒரு கிலோ மாவு அடைத்த கவருக்குள் அதற்கு இடமே இல்லை. கவரைத் தடிமனாக்கினால் வெடிக்கும் நேரம் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மாற்றி யோசிப்பது திடீரென்று பொறி தட்டுவது அல்ல. பழகினால் யாருக்கும் வரும். முதல் பயிற்சியை இன்று இரவே இருவரும் உட்கார்ந்து செய்யலாம். கேள்வியைத் தலைகீழாகப் போடுங்கள்: '80 பாக்கெட்டும் நாளை மதியத்துக்குள் வெடிக்க வேண்டுமானால் என்னென்ன செய்யலாம்?' பட்டியல் தானாக வரும். கிரைண்டர் சூட்டோடு மாவை வழிக்கலாம். அண்டாவில் நன்றாகப் பொங்கவிட்டு அப்படியே அடைக்கலாம். கவரைக் கழுத்துவரை நிரப்பலாம். சூடு ஆறாத பாக்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி ஃப்ரிட்ஜில் அடுக்கலாம். வெயிலில் மூடாத வண்டியில் சுற்றலாம். இரவில் ஃப்ரிட்ஜை அணைக்கும் கடையில் இறக்கலாம். எழுதி முடித்தபின், இவற்றில் எதையெல்லாம் இப்போதே செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று டிக் அடியுங்கள். 'எப்படித் தடுப்பது' என்று கேட்டால் மனம் பழகிய பதில்களையே திரும்பத் தரும். 'எப்படிக் கெடுப்பது' என்று கேட்டால் நாம் கவனிக்காமல் விட்ட பழக்கங்கள் வெளியே வரும்.

கூடவே ஒரு நோட்டு போடுங்கள். வெடித்தவற்றை மட்டும் எண்ணாதீர்கள். வெடிக்காத எழுபது பாக்கெட் ஏன் வெடிக்கவில்லை என்பதுதான் அதிகம் சொல்லித்தரும். கவர் மூலையில் மார்க்கரால் அரைத்த வரிசை எண், அடைத்த நேரம், கிரேட்டில் நடுவிலா ஓரமா என்று குறியுங்கள். பத்து நாள் போதும். ரிட்டர்ன் இரண்டே கடைகளிலிருந்து வந்தால் சிக்கல் உங்கள் கவரில் இல்லை, அந்தக் கடை ஃப்ரிட்ஜில் இருக்கிறது. எல்லாக் கடையிலிருந்தும் வந்து, பெரும்பாலும் கிரேட் நடுவில் இருந்தவை என்றால் நீங்கள் குளிர வைக்கும் முறையில் இருக்கிறது.

அடுத்தது முக்கியமான படி. சோவியத் கடற்படையின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்த கென்ரிக் அல்ட்ஷுல்லர் 1946 முதல் ஏராளமான கண்டுபிடிப்புகளை ஆராய்ந்து சிக்கல்களைத் தீர்க்க 'டிரிஸ்' என்ற முறையை உருவாக்கினார். அவர் கண்டது இது: நல்ல தீர்வுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு முரண் இருக்கிறது, தீர்த்தவர் நடுவழி பார்க்காமல் அந்த முரணையே உடைத்திருக்கிறார். உங்கள் முரணைக் கூர்மையாக எழுதினால் இப்படி வரும்: மாவில் வாயு இருக்க வேண்டும், இருக்கவும் கூடாது. கவர் மூடியிருக்க வேண்டும், திறந்திருக்கவும் வேண்டும். அரைகுறையாகப் புளிக்கவைத்துக் கொடுப்பதுதான் நடுவழி. அதில் பாக்கெட்டும் உப்பும், இட்லியும் கெடும். அதை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்? எந்த இடத்தில் வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம்? எந்த நிலையில்?

காலத்தைப் பிரித்துப் பார்ப்போம். மாவு இட்லித் தட்டில் ஊற்றும்போது பொங்கியிருந்தால் போதும். உங்கள் வண்டியிலும் கடை ஃப்ரிட்ஜிலும் பொங்கியிருக்க வேண்டியதில்லை. அதனால் மாலையில் வாங்கி மறுநாள் காலை சுடுபவர்களுக்குப் புளிக்காத மாவையே குளிரக் குளிரக் கொடுங்கள். 'இன்று இரவு பெரிய பாத்திரத்தில் மாற்றி வெளியே வையுங்கள், காலையில் இட்லி' என்று கவரில் பெரிதாக அச்சிடுங்கள். முன்பு கல்லாக வந்தது புளிக்காத மாவை வாங்கியவுடன் ஊற்றியதால்தான். காலையில் வாங்கி உடனே சுடுபவர்களுக்கு மட்டும் புளித்த மாவு, வேறு நிறக் கவரில், விற்கும் அளவுக்கு மட்டும். தோசைக்கென்று கேட்பவர்களுக்குப் புளித்த மாவை நன்றாகக் கலக்கி, வாயுவை வெளியேற்றி அடைக்கலாம். தோசைக்கு அதனால் பெரிய குறை வராது. இட்லிக்கு இதைச் செய்யாதீர்கள்.

இந்த வழி நிற்பதும் விழுவதும் குளிர்ச்சியில்தான். அரைக்கும்போதே தொடங்குங்கள். அரிசியையும் உளுந்தையும் ஃப்ரிட்ஜில் ஊறவையுங்கள். அரைக்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைக் குடிக்கத் தகுந்த தண்ணீரில் செய்த ஐஸாகப் போடுங்கள். 1 கிலோ ஐஸ் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம் 10 கிலோ தண்ணீரை 8 டிகிரி குறைக்கப் போதும். மாவை அண்டாவோடு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், ஓரம் சில்லிட்டாலும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருந்து புளித்துக்கொண்டிருக்கும். தடிமன் கூடக் கூட, குளிர எடுக்கும் நேரமும் வேகமாகக் கூடும். 6 சென்டிமீட்டர் தடிமனான பாக்கெட்டைப் படுக்கவைத்து 3 சென்டிமீட்டராக்கினால் பாதி நேரத்திலோ அதற்கும் குறைவாகவோ குளிரும். ஆகவே அடைத்தவுடன் கம்பித்தட்டில் ஒரே அடுக்காக, விரல் இடைவெளி விட்டுப் படுக்கவையுங்கள். ஊசி போன்ற சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நடுப் பாக்கெட்டைச் சோதியுங்கள். அது 5 டிகிரிக்கு இறங்கிய பிறகே வண்டியில் ஏற்றுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், அது உள்ளிருக்கும் காற்றின் குளிர்ச்சி.

இனி இடத்தைப் பிரிப்பது. கவர் மாவுக்கு மூடியும் வாயுவுக்குத் திறந்தும் இருக்க வேண்டும். மாவு கீழே கிடக்கும், வாயு மேலே ஏறும். அதனால் மேலே மட்டும் திறந்தால் போதும். காப்பிக்கொட்டை, காப்பித்தூள் பைகளில் பார்த்திருப்பீர்கள், வாயுவை வெளியே மட்டும் விடும் சின்ன வால்வு. அப்படிப்பட்ட கவர் கட்டுப்படியானால் அதுவே நல்லது. ஆகாவிட்டால், பாக்கெட் முழுதாகக் குளிர்ந்தபின், சீலுக்கு 2 சென்டிமீட்டர் கீழே சுத்தமான ஊசியால் ஒரே ஒரு துளை. அதன்மேல் மருந்துக் கடையில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்திரியை வெளிப்புறம் ஒட்டுங்கள். வாயு போகும், தூசி வராது. துளையிட்ட பிறகு பாக்கெட் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்கவைத்துக் குளிர்விப்பதும் நிமிர்த்தி அனுப்புவதும் இங்கேயும் காலத்தால் பிரிகின்றன.

துளை முறை தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: நுரை மேலே ஏறித் துளையை அடைத்துவிடும், பிளாஸ்திரி நனைந்துவிடும், பாக்கெட் பழையபடி உப்பும். மாவு எவ்வளவு ஏறும் என்று தெரியாமல் கவர் அளவை முடிவு செய்யக் கூடாது. நேரான சுவருள்ள உயரமான கண்ணாடிப் பாட்டிலில் 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு மாவு ஊற்றி, மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்டு வெளியே வையுங்கள். எவ்வளவு ஏறி நிற்கிறது என்று பாருங்கள். 15 வரை ஏறினால், கவரும் மாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கொள்ள வேண்டும். மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் கவரைச் சிறிதாக்குவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நஷ்டம் தரும் சிக்கனம்.

டிரிஸ் முறையின் 40 உத்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது, தீங்கையே பயனாக்குவது. உப்புவது குற்றம் என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? பெரிய கவரில் ஒரு கோடு அச்சிட்டு, 'மாவு இந்தக் கோட்டைத் தொட்டால் இட்லிக்குத் தயார்' என்று எழுதுங்கள். வாங்குபவர் ரிட்டர்ன் செய்யக் காரணமான அதே உப்பல் அப்போது அவருக்கு அடையாளமாகிவிடும். வால்வோ துளையோ இருந்தால்தான் இது சரிப்படும், ஏனென்றால் அப்போதுதான் ஏறுவது மாவு. இல்லாவிட்டால் உப்புவது வெறும் கவர்.

சிலர் சொல்லும் குறுக்குவழிகள் இரண்டைத் தொடவே வேண்டாம். சமையல் சோடா புளித்த மாவின் அமிலத்தோடு சேர்ந்து அதே கரியமில வாயுவைத்தான் மேலும் உண்டாக்கும். போரிக் அமிலம் உணவில் சேர்க்க அனுமதி இல்லாத நஞ்சு. குழந்தைகள் சாப்பிடும் மாவு இது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. முதல் நான்கு நாள் படுக்கவைத்துக் குளிர்விப்பது மட்டும். பிறகு பத்துப் பாக்கெட்டில் துளை, பத்துப் பாக்கெட்டில் பெரிய கவர், மிச்சம் பழையபடி, ஒரே கடைகளுக்கு ஒரே வண்டியில். ரிட்டர்னை எண்ணி நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அச்சடித்த கவருக்கு ஆர்டர் கொடுப்பது அந்த எண்களைப் பார்த்த பிறகு இருக்கட்டும்.