கோடக் தூங்கிவிட்டதா?

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கலர் லேப் நடத்திவருகிறேன். அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பில், டிஜிட்டல் வருவதைக் கவனிக்காமல் விட்டதால்தான் கேமரா பிலிம் செய்து விற்ற அமெரிக்க நிறுவனமான கோடக் வீழ்ந்தது என்றார்கள். அத்தனை பெரிய நிறுவனத்துக்கு அதுகூடவா தெரியாமல் போயிருக்கும்? என் போன்ற சிறு தொழில்காரர்கள் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது?

வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயம் நியாயமானது. 1975இல், ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையுள்ள டிஜிட்டல் கேமரா ஒன்றை முதன்முதலில் செய்து காட்டியவரே கோடக்கின் பொறியாளர் ஸ்டீவன் சாசன்தான். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 வினாடிகள் பிடித்தன. 2001இல், இணையத்தில் படங்களைப் பகிர உதவிய ஒஃபோட்டோ என்ற நிறுவனத்தைக் கோடக் வாங்கியது. 2005இல் அமெரிக்க டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடத்திலும் இருந்தது. தூங்கியவர்கள் செய்யும் வேலை அல்ல இது.

பிலிம் என்பது, வெள்ளி உப்புகள் கலந்த மெல்லிய அடுக்குகள் பலவற்றை, முழு இருட்டில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகின்றிப் பூசிச் செய்யும் பொருள். அந்த வித்தை உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களுக்கே கைவந்திருந்ததால், அதன் கடினமே லாபத்துக்குக் காவலாக இருந்தது. டிஜிட்டலிலோ, பிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பதியும் சென்சரை வெளியில் வாங்கிப் பொருத்தி எந்த மின்னணு நிறுவனமும் கேமரா விற்கலாம் என்றாகிவிட்டபோது, முதலிடம் கிடைத்தும் கோடக்கின் கையில் காசு தங்கவில்லை. அதைவிட ஆழமான பிழை ஒன்றும் உண்டு: எந்தக் கருவியில் எடுத்தாலும் மக்கள் படத்தைக் கடைசியில் தாளில் அச்சிட்டே தீருவார்கள் என்று நம்பி, ஒஃபோட்டோவையும் பிரிண்ட் விற்கும் வாசலாகவே நடத்தினார்கள். மக்களோ திரையில் பார்த்து, பகிர்ந்து, அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

இதே அடி ஜப்பானின் ஃபியூஜிஃபிலிமுக்கும் விழுந்தது. அதன் அப்போதைய தலைவர் ஷிகேதகா கோமோரி, பிலிமுக்காகக் கற்ற வேதியியல் வேறு எங்கெல்லாம் செல்லும் என்று தேடச் செய்தார். பிலிமின் அடித்தாளுக்கான பொருள் எல்சிடி திரைகளுக்குப் பயன்பட்டது. பிலிமிலுள்ள ஜெலட்டினின் மூலமான கொலாஜன், நிறம் மங்காமல் காக்கும் பொருள்கள் ஆகியவற்றில் பெற்ற தேர்ச்சி 2007இல் அஸ்டாலிஃப்ட் என்ற முகப்பூச்சு வரிசையானது. இதைப் புகழ்ந்து பாடம் நடத்துபவர்கள், 2006இல் சுமார் 5,000 பேரைக் குறைப்பதாக அதே நிறுவனம் அறிவித்ததைப் பெரும்பாலும் சொல்வதில்லை. கோடக்கிடமும் இத்தகைய வேதியியல் பிரிவு ஒன்று இருந்தது. 1994இல் அதைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டார்கள். ஈஸ்ட்மேன் கெமிக்கல் என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது.

உங்களுக்கு முகப்பூச்சு செய்யும் யோசனை சொல்ல மாட்டேன். ஆனால் தோலின் நிறம் எது, பட்டுப்புடவையின் நிறம் எது என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியும் கண் உங்களிடம் இருக்கிறது. திருமண ஆல்பத்துக்கு அது இன்றும் வேண்டும். மங்கிப்போன குடும்பப் படங்களைச் ஸ்கேன் செய்து மீட்பதற்கும் அதே கண்தான் வேண்டும். வாடிக்கையாளர்கள் வாங்காமல் விட்டுப்போன நெகடிவ் உறைகள் அலமாரியில் கிடந்தால், தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். உறைமேல் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்து முதலில் அவர்களுக்கே ஒரு தகவல் அனுப்பிப் பாருங்கள்.