காலை வழிபாட்டில் தெரியும் நிலா: அறிவியல் ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

சார், பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை உண்டாகிறது என்றே ஏழாம் வகுப்பில் பலரும் எழுதுகிறார்கள். எத்தனை முறை படம் போட்டுக் காட்டினாலும் மாறவில்லை. என்ன செய்வது?

படத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், டீச்சர். தேய்பிறை அஷ்டமியை ஒட்டி வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், காலை வழிபாடு முடிந்ததும் பிள்ளைகளை மைதானத்திலேயே நிறுத்துங்கள். கிழக்கே சூரியன், மேற்கே பாதி நிலா. "இப்போது பூமியின் நிழல் எந்தப் பக்கம் விழும்?" என்று மட்டும் கேளுங்கள். சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் என்பார்கள். அந்தத் திசை அடிவானத்துக்குக் கீழே போகிறது, நிலாவோ மேலே நிற்கிறது. இந்த இடத்தில் நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம், ஆனால் பாடம் நடப்பதே அங்கேதான்.

அப்புறம் ஆளுக்கொரு களிமண் உருண்டை. வெயிலில் நின்று, நிலா இருக்கும் திசையில் கையை நீட்டிப் பிடிக்கட்டும். நிலாவில் எந்தப் பாதி வெளிச்சமோ, உருண்டையிலும் அதே பாதி. அடுத்த நான்கைந்து காலைகளிலும் பார்த்தால், நிலா சூரியனை நெருங்க நெருங்க மெலிவது தெரியும். சூரியனை நேராகப் பார்க்க மட்டும் விடாதீர்கள்.

பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் கோடை வருகிறது என்கிறார்களே?

தவறு என்று உடனே சொல்லிவிடாதீர்கள். பலகையில் இரண்டு தூரங்களை எழுதுங்கள்: ஜனவரி தொடக்கத்தில் சுமார் 14.7 கோடி கி.மீ., ஜூலை தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி கி.மீ. ஜனவரியில் அல்லவா கொளுத்த வேண்டும் என்று அவர்களே கேட்பார்கள். பிறகு ஒரு மீட்டர் குச்சியை நட்டு, வாரம் ஒருமுறை உச்சிவேளை நிழலை அளக்க விடுங்கள். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் அந்த நிழல் குச்சியின் அடியிலேயே ஒடுங்கிவிடும்.

எங்கள் ஊர் கோவை. 12 மணிக்கு அளந்தால் போதுமா?

போதாது. ஏப்ரலில் அங்கே உச்சிவேளை சுமார் 12.20க்குத்தான். நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, கோவை அதற்கு மேற்கே இருக்கிறது. இதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டாம். 12 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, மிகக் குட்டையான நிழலை அவர்களே பிடிக்கட்டும்.

இப்படி நடத்தினால் பாடத்திட்டம் முடியுமா?

எல்லாப் பாடத்துக்கும் இது வேண்டியதில்லை. கோள்களின் வரிசையைச் சொல்லிக்கொடுத்தாலே போதும். பிறை, பருவகாலம் போலப் பிள்ளைகள் மனதில் ஏற்கெனவே ஒரு தவறான விளக்கம் ஊறியிருக்கும் இடங்களுக்கு நேரத்தை ஒதுக்குங்கள்.