மெஷின் மக்கர் செய்கிறதா, போர்வை இழுக்கிறதா?

கேள்வி: எட்டு வருடமாக ஒரு வீட்டுத் தையல் மெஷின் வைத்திருக்கிறேன். சாதாரணத் துணி தைக்கும்போது தொந்தரவே தந்ததில்லை. பொழுதுபோக்காக ஒட்டுத்துணிப் போர்வை தைக்க ஆரம்பித்த பிறகுதான் வினை. துண்டுகளை இணைக்கும் வரைக்கும் ஒழுங்காக ஓடுகிறது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து அடித்தால் அடியில் சுருக்கம் விழுகிறது, தையல் விட்டுவிட்டுப் போகிறது. போன வாரம் மட்டும் மூன்று ஊசி உடைந்தது. பாதிப் போர்வையோடு மெஷினை மூடி வைத்துவிட்டேன். பெரிய மெஷின் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வாங்குவதற்கு முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதே மேல்துணி, அதே பஞ்சு, அதே அடித்துணியில் ஒரு அடிச் சதுரம் வெட்டி அடுக்குங்கள். புது ஊசி போட்டு நாலைந்து வரி அடித்துப் பாருங்கள். அந்தச் சின்னத் துண்டில் தையல் சீராக விழுந்தால், மூன்று அடுக்கைத் தைக்கும் தெம்பு உங்கள் மெஷினுக்கு இருக்கிறது. முழுப் போர்வையில் அது திணறுவது கனத்தையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால். துண்டிலேயே தகராறு செய்தால் ஊசி, நூல், அடிநூல் சுற்றிய பாபின் பக்கம்தான் கோளாறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமலே நல்ல மெஷினைத் தள்ளிவிடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

மூன்று ஊசி உடைந்தது என்கிறீர்களே, அதை வைத்துப் பார்த்தால் உங்கள் விஷயம் முதல் வகை என்றே எனக்குத் தோன்றுகிறது. போர்வையின் ஒரு பக்கம் மேஜையிலிருந்து தரையைப் பார்த்துத் தொங்குகிறது என்று வையுங்கள். அந்தக் கனம் துணியைப் பின்னுக்கோ பக்கத்துக்கோ இழுத்துக்கொண்டே இருக்கும். ஊசிக்கு அடியில் இருக்கும் மெஷினின் பற்கள் துணியை நகர்த்தப் பார்க்கும், கனம் நகரவிடாது. நாம் பொறுமை இழந்து பின்னாலிருந்து கையால் இழுப்போம். துணிக்குள் இறங்கியிருக்கிற ஊசி அதில் வளையும். வளைந்த ஊசி, அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியைத் தவறவிட்டால் தையல் விட்டுப்போகும். ஊசி இறங்கும் துளையுள்ள தகட்டில் மோதினால் உடையும். உடையும்போது தகட்டின் துளையோரத்தில் சிறு கீறல் விழுவதும் உண்டு, பிறகு அந்தக் கீறலே நூலை அறுக்கும். ஆகவே இப்போதே தகட்டைக் கழற்றி, துளையைச் சுற்றி விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டுப்பட்டால் மெருகேற்றச் சொல்லுங்கள், அல்லது தகட்டை மட்டும் மாற்றுங்கள்.

கனத்தைத் தாங்க விலையுயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம். மெஷினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் அதே உயரத்தில் ஏதாவது ஒன்று வேண்டும், அவ்வளவே. உயரம் கூட்டிக் குறைக்கக்கூடிய இஸ்திரிப் பலகை இதற்கு அருமையாக உதவும். போர்வையை இறுக்கிச் சுருட்டாதீர்கள். மடியிலும் மேஜையிலுமாகத் தளர்வாகக் குவித்து, ஊசிக்கு முன்னால் இருக்கும் ஒரு சாண் துணி மட்டும் தொய்வாக, தட்டையாகக் கிடக்கும்படி பாருங்கள். அந்த ஒரு சாண் முடிந்ததும் நிறுத்துங்கள். ஊசி துணிக்குள் இறங்கியே இருக்கட்டும். அடுத்த சாணைச் சரிசெய்துவிட்டுத் தொடருங்கள். கனத்தைச் சுமப்பது உங்கள் கை, தைப்பது மட்டும் மெஷின். வேகம் குறையும்தான். ஆனால் பிரித்துப் பிரித்துத் தைப்பதைவிட இது எவ்வளவோ சீக்கிரம் முடியும்.

இனி சுருக்கம். பற்கள் அடித்துணியை மட்டும்தான் நேரடியாக நகர்த்துகின்றன. மேலே இருக்கும் பாதம் சும்மா அழுத்திக்கொண்டு நிற்கிறது. நடுவில் பஞ்சு இருப்பதால் அடித்துணி முன்னே போக, மேல்துணி பின்தங்கும். அங்கேதான் மடிப்பு விழுகிறது. வாக்கிங் ஃபுட் என்ற பாதத்தில் மேலேயும் தனியாகப் பற்கள் உண்டு. அதன் கை ஊசித் திருகின் மேல் உட்கார்ந்து, ஊசியின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து இயங்கி, மேல்துணியையும் அதே அளவு நகர்த்தும். நேர்வரிகள் அடிக்க இதைவிட நல்ல செலவு கிடையாது. பெரிய மெஷினுக்கு முன் இதைத்தான் வாங்கச் சொல்வேன். உங்கள் மெஷினில் பாதம் மாட்டும் தண்டின் உயரத்துக்குப் பொருந்துமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் சற்றுக் குறைத்துவையுங்கள்.

எந்தப் பாதம் போட்டாலும் அடுக்குகள் முதலிலேயே சரியாகப் பிணைந்திருக்க வேண்டும். அடித்துணியை நன்றாக விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டி, பஞ்சையும் மேல்துணியையும் அடுக்கி, 3 முதல் 4 அங்குலத்துக்கு ஒரு சேஃப்டி பின் குத்துங்கள். உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஒரு பின் தட்டுப்பட வேண்டும். நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தையுங்கள்.

துண்டுகளை இணைக்க 2 முதல் 2.5 மில்லிமீட்டர் தையல் நீளம் சரி. மூன்று அடுக்குக்கு 3 வையுங்கள். பஞ்சின் தடிமனே கொஞ்சம் நூலை விழுங்கிவிடும்.

சோதனைத் துண்டிலேயே தகராறு என்றால் முதலில் ஊசியைப் பாருங்கள். சுமார் எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது, உடையும் வரை காத்திருக்க வேண்டாம். வீட்டு மெஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். முழு உருளைத் தலை உள்ள தொழிற்சாலை மெஷின் ஊசி இதற்கு ஆகாது. மூன்று அடுக்குக்கு 90/14 எண் நல்லது. அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் எல்லாரும் பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் தப்பு மேல்நூலில் இருக்கும். பாதத்தை இறக்கியபடி நூல் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் நடுவில் உட்காராது. பாதத்தைத் தூக்கி, நூலை முழுக்க உருவி, மறுபடி கோத்துப் பாருங்கள். அதன்பின் டென்ஷன் திருகைத் தொடுங்கள்.

பருத்திப் பஞ்சு வேறு தூசியாக உதிரும். இரண்டு பாபின் தீர்ந்ததும் தகட்டைக் கழற்றிச் சின்னத் தூரிகையால் கொக்கிப் பகுதியைத் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள். தூசு இன்னும் உள்ளே போகும், மூச்சின் ஈரமும் சேரும். எண்ணெய் விட வேண்டிய மெஷின்தானா என்று கையேட்டைப் பாருங்கள். சில புது மெஷின்களுக்கு வேண்டாம் என்றே போட்டிருப்பார்கள். விடுவதாக இருந்தால் தையல் மெஷின் எண்ணெய், ஒரே சொட்டு. சமையல் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசினாகிவிடும்.

இன்னொன்று, சத்தத்தைக் கவனியுங்கள். சீராக ஓடுகிற மெஷின் திடீரென்று "டொக் டொக்" என்று குத்த ஆரம்பித்தால், ஊசி மழுங்கிவிட்டது, அல்லது துணி இழுபடுகிறது. தையல் கெடுவதற்கு முன்பே காது சொல்லிவிடும். எட்டு வருடம் பழகிய உங்களுக்கு அந்த வித்தியாசம் நிச்சயம் பிடிபடும்.

பெரிய மெஷின் எப்போது தேவை? பற்களை இறக்கிவிட்டு, துணியைக் கையால் சுழற்றிப் பூவேலை செய்ய ஆசை, அதுவும் பெரிய கட்டில் அளவுப் போர்வைகளில், அடிக்கடி என்றால் யோசிக்கலாம். ஊசிக்கும் மெஷினின் உடம்புக்கும் நடுவே உள்ள இடம் வீட்டு மெஷினில் பொதுவாக ஏழு அங்குலத்துக்குள்தான். பெரியதில் உங்களுக்குக் கிடைக்கப்போவது முக்கியமாக அந்த இடம்தான்.

பாதியில் நிற்கிற போர்வைக்கு வருவோம். எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். சுருக்கம் விழுந்த வரிகளை மட்டும் பின்பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்றாக வெட்டுங்கள். திருப்பிப் போட்டு மேல்நூலை இழுத்தால் முழு நீளத்துக்குக் கழன்று வரும். அந்த இடத்தை நீவிவிட்டு, பின்களை நெருக்கமாகக் குத்தி, வாக்கிங் ஃபுட் போட்டு நடுவிலிருந்து ஆரம்பியுங்கள்.